இரத்தினசிங்கம் நித்திரை கொண்ட விதம்

கொட்டாஞ்சேனையில் பகலில் நித்திரை கொள்வது குற்றம் இல்லை. ஆனால் 1996ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, இன்னும் கலியாணம் கட்டாத ஓர் ஆண், இரவில் வீட்டில் இல்லாமல் பகலில் நித்திரை கொள்வதென்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. காரணம் சொல்ல வேண்டியவர் நித்திரை கொள்பவர் அல்ல, அவருக்கு அறை கொடுத்தவர். இரத்தினசிங்கத்துக்கு அறை கொடுத்தவர் என் பெரியம்மா கனகேஸ்வரி. பரீட்சை எழுதி முடித்துவிட்டு நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஆகையால் இதில் வருபவை பெரும்பாலும் நான் கண்ணால் பார்த்தவை.

இரத்தினசிங்கம் ஊரில் ஓர் அரிசி ஆலையில் இயந்திரம் பார்த்தவர். யுத்தத்தால் வந்த இடப்பெயர்வில் ஆலையும் போய் வீடும் போய்க் கொழும்புக்கு வந்தவருக்கு முகத்துவாரத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னரே ஐஸ் கேட்பார்கள். ஆகவே ஐஸ் இரவில் உறைய வேண்டும். ஐஸ் உறைய இயந்திரம் ஓட வேண்டும். இயந்திரம் ஓடும்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் இரத்தினசிங்கம்.

அவருடைய வேலை கேட்டுக்கொண்டிருப்பது. இயந்திரத்தின் சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் கதிரையில் இருக்கலாம். சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். உடனே எழும்பி ஓடிப்போய் ஜெனரேட்டரின் கைபிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். பிந்தினால் ஐஸ் கெட்டுவிடும். அந்த வருடம் மழை இல்லை, நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இல்லை, நாடு முழுவதும் மின்வெட்டு. ஆகவே அவர் அடிக்கடி ஓடினார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று முகாமையாளர் அவரிடம், பகலில் நித்திரை கொள்வது முதலில் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும், எல்லோருக்கும் பழகியிருக்கிறது என்று சொன்னார். இரத்தினசிங்கத்துக்குப் பழகவில்லை.

குறை எங்கள் வீட்டில் இல்லை. பெரியம்மா ஒரு காரியத்தை எடுத்தால் பாதியில் விடமாட்டார். ஒரு மனிதன் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வந்து படுக்கிறான், அவனுக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது என்று அவர் முடிவு செய்தார். முதலில் முன் அறை யன்னலுக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டினார். மூன்றாம் நாள் சந்திக் காவலில் நின்ற ஒருவர் வந்து, ஏன் யன்னலைக் கறுப்பாக்கி வைத்திருக்கிறீர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார். பெரியம்மா கடதாசியைக் கழற்றிவிட்டுத் தன் பழைய மரூன் சேலையைத் தொங்கவிட்டார். சேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அடுத்தது சத்தம். வானொலி நின்றது. நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறாந்தையில் நடந்தோம். கோயில் மணியையும் தேவாலய மணியையும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதில் பெரியம்மாவுக்கு வருத்தம். மீன் விற்கிற நேசத்தை ஒன்று செய்யலாம் என்று அவர் நினைத்தார். நேசம் முகத்துவாரத்திலிருந்து கூடையோடு வருகிறவர். எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தால் அவருடைய குரல் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும்.

"நேசம், இனி எங்கட வீட்டடியில கூவாமல் வாரும். உள்ளுக்கு ஒராள் நித்திரை."

"கூவாட்டி மீன் வந்திருக்குன்னு எப்படித் தெரியும் அக்கா? மீனே வந்து கதவைத் தட்டுமா?"

"நான் வாசல்ல நிண்டு பாக்கிறன்."

"நீங்க சைவம். நீங்க பாத்து எனக்கு என்ன?" நேசம் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சேலை தொங்கிய யன்னலைப் பார்த்தார். "பகல்ல படுக்கிறாரா? ராவைக்கு என்ன வேலை அவருக்கு?"

"ஐஸ் பக்டரியில."

"எந்த ஐஸ் பக்டரி? எங்க முகத்துவாரத்திலயா?"

"ஓம்."

நேசம் கூடையின் மேல் இருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தார். மீன்கள் ஐஸுக்குள் கிடந்தன. "அப்ப இது அவரு செஞ்ச ஐஸு," என்றார். "சரி, தூங்கட்டும். அவரு அங்க தூங்கி விழுந்தா என் மீனு நாறிப் போயிரும்."

அதன் பிறகு நேசம் எங்கள் ஒழுங்கையில் கூவவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, கையால் மீன் நீந்துவதுபோலக் காட்டினார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சத்தம் பெரியம்மாவின் கிரைண்டர். சந்தியில் இருக்கிற பொன்னம்பலத்தின் சைவக்கடைக்குத் தோசை மா அரைத்துக் கொடுப்பது பெரியம்மாவின் தொழில். அந்தக் கிரைண்டர் இந்தியாவிலிருந்து வந்தது. அது ஓடும்போது குசினி அலுமாரியில் பீங்கான்கள் நடுங்கும். வழக்கமாகக் காலையில் அரைப்பவர், இரத்தினசிங்கத்துக்காக அதை அவர் வேலைக்குப் போன பிறகு, பொழுதுபட்டதும் அரைக்கத் தொடங்கினார். மா பிந்திப் போனது, பிந்திப் புளித்தது. "அக்கா, காலையில தோசை கேட்டு வாற சனத்துக்கு நான் பின்னேரம் வாங்கோ எண்டு சொல்லுறதோ?" என்று பொன்னம்பலம் கேட்டு அனுப்பினார். பெரியம்மா அன்றும் பொழுதுபட்ட பிறகே அரைத்தார்.

இவ்வளவும் செய்து வைத்திருந்த அமைதியில் இரத்தினசிங்கம் காலையில் வந்து, குளித்து, சோறு சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார். பின்னேரம் எழும்பி வருவார்.

"நித்திரை எப்படித் தம்பி?" என்று பெரியம்மா கேட்பார்.

"நல்ல நித்திரை அக்கா."

ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, இதே பதில். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டு வந்தது. சாரத்தை ஒருநாள் மறுபக்கம் திருப்பிக் கட்டியிருந்தார். ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என் தேத்தண்ணி எங்கே என்று கேட்டார். நல்ல நித்திரை கொள்கிற ஒருவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று நாங்கள் யோசித்தோம். பெரியம்மா அவருக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவு செய்து கீரை சமைத்தார்.

இதற்கிடையில் பொலிஸ். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும் என்பது அப்போதைய சட்டம். பதியாத ஒருவர் வீட்டில் இருந்தால் அவரைக் கொண்டுபோவார்கள். பதிந்த ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் எங்கே என்று கேட்பார்கள். கேட்க வருவது இரவில். எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்த ஒவ்வொரு தடவையும் இரத்தினசிங்கம் ஐஸ் தொழிற்சாலையில் இருந்தார். முதல் தடவை பெரியம்மா சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த தடவை தொழிற்சாலைக் கடிதத்தைக் காட்டினோம். அதற்கடுத்த தடவை வந்தவர் ஒரு சார்ஜன்ட். கொச்சிக்கடையில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். அவர் கடிதத்தை வாசிக்கவில்லை.

"கடிதம் யாரும் அடிக்கலாம் அம்மா," என்றார். "இந்த மனுசன் ஒவ்வொரு ராத்திரியும் வேலை. சரி. அப்ப ஒவ்வொரு பகலும் நித்திரை கொள்ள வேணும் தானே?"

"ஓம் மாத்தயா," என்று அவரைச் சிங்களத்தில் ஐயா ஆக்கினார் பெரியம்மா. "பகல்ல நித்திரைதான்."

"அதை நான் பாக்க வேணும். ஒருநாள் வாறது. நித்திரை இல்லாட்டி, பேரை வெட்டுறது."

பேரை வெட்டினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரத்தினசிங்கத்துக்கு வேறு யாரும் அறை கொடுக்கமாட்டார்கள். பதிவு இல்லாமல் முதலாவது சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது, ஆகவே வேலைக்கும் போக முடியாது. திரும்பிப் போவதற்கு ஊரில் வீடும் இல்லை, ஊருக்குப் பாதையும் இல்லை. இவ்வளவும் அவர் பகலில் நித்திரை கொள்கிறாரா என்பதில் தங்கியிருந்தது.

மறுநாள் பெரியம்மா இதைச் சொன்னபோது இரத்தினசிங்கம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "எப்ப வருவினமாம்?" என்று கேட்டார்.

"சொல்லேல்லை. நீங்கள் ஏன் யோசிக்கிறீங்கள்? நீங்கள் நித்திரை கொள்ளுறனீங்கள்தானே."

"ஓம் அக்கா," என்றார் இரத்தினசிங்கம். அன்று முழுதும் அவருடைய கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரமே எங்கள் பகுதியில் மின்வெட்டு நேரம் மாறியது. இதுவரை மத்தியானம் போன கரண்ட் இனிப் பொழுதுபடும் நேரத்தில் போகும் என்று அறிவித்தார்கள். பெரியம்மா அரைக்கிற நேரம் அதுதான். பொன்னம்பலம் வேறு இடத்தில் மா எடுக்கப் போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பெரியம்மா முன் அறைக் கதவடியில் போய் நின்றார்.

"தம்பி, இண்டைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கோ. காலமையே அரைக்க வேண்டிக் கிடக்கு."

"அதுக்கென்ன அக்கா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பெரியம்மா கிரைண்டரைப் போட்டார். பீங்கான்கள் நடுங்கின. கொஞ்ச நேரத்தில் பெரியம்மா தலையைச் சரித்துக் கேட்டார்.

"பிள்ளை, கிரைண்டரில வேறை ஒரு சத்தமும் வருகுதோ?"

வந்தது. கல் எங்கேயோ உரசுவதுபோல, இழுத்து இழுத்து ஒரு சத்தம். பெரியம்மா கிரைண்டரை நிறுத்தினார். அந்தச் சத்தமும் நின்றது. மறுபடி போட்டார். சற்று நேரத்தில் அதுவும் வந்தது. மறுபடி நிறுத்திக் கல்லைக் கழற்றிப் பார்த்தார். கல்லில் குறை இல்லை. கல்லை வைத்து மறுபடி போட்டு, மறுபடி நிறுத்தியபோது, இரத்தினசிங்கம் தலைமயிர் கலைந்து, கன்னத்தில் பாய்த் தடத்தோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஏன் அக்கா நிப்பாட்டி நிப்பாட்டிப் போடுறீங்கள்?"

"சத்தத்துக்கு எழும்பிட்டீங்களோ தம்பி? மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சத்தத்துக்கு எழும்பேல்லை அக்கா. சத்தம் நிண்டதுக்குத்தான் எழும்பினனான்."

அதன் பிறகுதான் உண்மை வந்தது. கிரைண்டரில் கேட்ட மற்றச் சத்தம் அவருடைய குறட்டை. இத்தனை மாதமும் அவர் எங்கள் வீட்டில் நித்திரையே கொள்ளவில்லை. வீடு அமைதியாக இருக்க இருக்க அவருக்கு நெஞ்சு அடித்தது. இயந்திரம் நின்றுவிட்டது, ஓட வேண்டும் என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்ததாம். தொழிற்சாலைக் கதிரையில், இயந்திரச் சத்தத்தில் கண் தானாக மூடியதாம். அதற்கும் முகாமையாளரிடம் பேச்சு வாங்கியிருந்தார்.

"ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் செருப்பையும் கழட்டிக்கொண்டு நடக்கேக்க, எப்பிடியக்கா சொல்லுறது?"

பெரியம்மா யன்னல் சேலையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றினார். வானொலி பாடியது. நேசத்துக்குக் கூவலாம் என்று சொல்லப்பட்டது. அவர் விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துக் கூவினார். கிரைண்டர் காலையில் ஓடியது. ஆனால் தோசை மா அரைக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. மா முடிந்த பிறகும் இரத்தினசிங்கத்தின் நித்திரை முடியவில்லை. வெறுங்கல் ஓடினால் தேய்ந்துவிடும் என்பதால் பெரியம்மா அதற்குள் தண்ணீர் ஊற்றினார். காலை முழுவதும் எங்கள் குசினியில் தண்ணீர் அரைபட்டது. இரத்தினசிங்கத்தின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மெல்ல மெல்லப் போனது. கீரைதான் வேலை செய்கிறது என்று பெரியம்மா சொல்லிக்கொண்டார்.

சார்ஜன்ட் வந்தது இப்படிப்பட்ட ஒரு காலையில். கூட ஓர் இளம் கொன்ஸ்தாபிள், கையில் துவக்கு. சார்ஜன்ட்டின் கண்கள் சிவந்திருந்தன. நேராக முன் அறைக்குப் போனார். இரத்தினசிங்கம் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் முகத்தில் பெருமை. இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

சார்ஜன்ட் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். குசினிக்குள் போனார். கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்தார்.

"மே மொனவாத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"வத்துர, மாத்தயா," தண்ணீர் என்றார் பெரியம்மா.

சார்ஜன்ட் விரலை விட்டு எடுத்து மணந்து பார்த்தார். பிறகு கொன்ஸ்தாபிளிடம் நீட்டினார். அவரும் மணந்து பார்த்தார். கொழும்பில் குண்டுகள் வெடித்த அந்த வருடத்தில், ஒரு தமிழ் வீட்டில், இவ்வளவு பெரிய இயந்திரத்தில் வெறும் தண்ணீரை அரைக்கிறார்கள் என்றால் அதில் வேறு ஏதோ இருக்க வேண்டும்.

"தண்ணியை எதுக்கு அரைக்கிறது?"

"அவர் நித்திரை கொள்ள, மாத்தயா."

சார்ஜன்ட் பெரியம்மாவை நிதானமாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கிரைண்டரை நிறுத்தினார். முன் அறையில் இரத்தினசிங்கம் எழும்பி உட்கார்ந்தார்.

"ஆ," என்றார் சார்ஜன்ட். "நித்திரை இல்லை. இது நடிப்பு. சத்தத்தில எழும்பாத ஆள், சத்தம் இல்லாத நேரம் எழும்புறதா?"

பெரியம்மா விளக்கினார். ஐஸ், இயந்திரம், ஜெனரேட்டர், கரண்ட் என்று கொன்ஸ்தாபிளுக்கும் விளங்கத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்க விளக்க, கதை கட்டப்பட்டதுபோலவே இருந்தது. சார்ஜன்ட் இரத்தினசிங்கத்தைத் திரும்பப் படுக்கச் சொன்னார். கிரைண்டரைப் போட்டார். குறட்டை வந்ததும் கொன்ஸ்தாபிள் காதடியில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கையைத் தட்டினார். சோற்றுப்பானை மூடியை நிலத்தில் போட்டார். இரத்தினசிங்கம் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

"நல்லா நடிக்கிறார்," என்றார் சார்ஜன்ட். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அந்த நேரம் கரண்ட் போனது.

அது அறிவித்த நேரம் அல்ல. யாரும் கை வைக்கவில்லை. கிரைண்டர் நின்றது, முன் அறை மின்விசிறியும் நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த கணம் இரத்தினசிங்கம் அறையிலிருந்து பாய்ந்து வந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் அவர் எங்களைப் பார்க்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டியபடி, சார்ஜன்ட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு பின் வளவுக்கு ஓடினார்.

பொலிஸைக் கண்டு ஓடுகிற தமிழனை அந்த நாட்களில் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொன்ஸ்தாபிள் துவக்கைத் தூக்கினார். "எப்பா, மாத்தயா, வேண்டாம்," என்று பெரியம்மா இரண்டு பாஷையிலும் சொன்னார். சார்ஜன்ட் கொன்ஸ்தாபிளின் துவக்கைக் கையால் கீழே அழுத்தினார். அவர் வளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்தினசிங்கம் ஓடித் தப்பவில்லை. தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, இரண்டு கையாலும் இல்லாத ஒரு கைபிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் பற்றவில்லை. மூச்சை இழுத்து மறுபடி சுற்றினார். வியர்த்துக் கொட்டியது.

பெரியம்மா மெதுவாகக் கிட்டப் போனார். "தம்பி. இது வீடு தம்பி. ஜெனரேட்டர் இல்லை."

இரத்தினசிங்கம் கையைப் பார்த்தார். பீப்பாவைப் பார்த்தார். பிறகு துவக்கைப் பார்த்தார். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டார்.

"ஐஸ் சரியோ அக்கா?" என்று கேட்டார்.

"ஐஸ் சரி தம்பி."

சார்ஜன்ட் பேனாவைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டார். விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். பெரியம்மா பிளேன்ரீ கொடுத்தார். அவர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"நான் இந்த மாசம் முழுக்க நைட் டியூட்டி," என்றார் கடைசியில். "வீட்டில பிள்ளைகள் பேச விடுறது இல்லை. நாயும் கட்டி வைக்கிறது. என்ட நோனா மூச்சு விடுறதும் மெதுவா. எனக்கு நித்திரை இல்லை." கோப்பையைக் கீழே வைத்தார். "கரண்ட் எப்ப வரும்?"

"தெரியாது மாத்தயா."

வரும் வரை அவர் இருந்தார். கரண்ட் வந்ததும் பெரியம்மா கிரைண்டரைப் போட்டார். இரத்தினசிங்கம் உள்ளே போய்ப் படுத்தார். சார்ஜன்ட் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிப் பார்த்தார். நெடுநேரம் மூடியிருந்தார். தொப்பி மடியிலிருந்து விழுந்தது. கொன்ஸ்தாபிள் அதை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் காவல் நின்றார்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கொன்ஸ்தாபிள் பற்றரியில் ஓடுகிற ஒரு ரேடியோ கெசெற்றோடு வந்தார். சார்ஜன்ட் கிரைண்டர் சத்தத்தைப் பதிந்து வரச் சொன்னாராம். கெசெற்றைக் குசினியில் வைத்து ஒரு பக்கம் முழுவதும் பதிந்தோம். நடுவில் கரண்ட் போனது. கெசெற் பற்றரியில் ஓடியதால் அது நிற்கவில்லை. இன்னொரு தடவை பதிவோம் என்றார் பெரியம்மா. கொன்ஸ்தாபிளுக்கு நேரம் இல்லை, கொண்டுபோய்விட்டார்.

இரத்தினசிங்கத்தின் பேரை யாரும் வெட்டவில்லை. இரவில் பொலிஸ் வந்தால் அவருடைய பேருக்கு மட்டும் எங்கே என்று கேட்பதில்லை. பகலில் கிரைண்டர் ஓடுகிறதா என்று கேட்பார்கள். ஓடுகிறது என்று பெரியம்மா சொல்வார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். கெசெற் பதிந்த நாளிலிருந்து இரத்தினசிங்கத்தின் கட்டில் காலில் ஒரு கயிறு. அதன் மறுநுனி அவருடைய கால் பெருவிரலில். கரண்ட் போனால் வளவு வரைக்கும் போகாமல் இருக்கப் பெரியம்மா செய்த ஏற்பாடு.

கெசெற்றைப் பற்றிப் பெரியம்மாவுக்கு ஒரு வெட்கம் இருந்தது. பாதியில் கிரைண்டர் நின்று, பிறகு ஒருவர் ஓடுகிற சத்தமும், "தம்பி, இது வீடு தம்பி, ஜெனரேட்டர் இல்லை," என்று அவருடைய குரலும் அதில் விழுந்திருந்தன. சந்தியில் சார்ஜன்ட்டைக் கண்டபோது, வேறு ஒன்று பதிந்து தருகிறோம் என்று சொன்னார்.

"வேண்டாம் அம்மா," என்றார் சார்ஜன்ட். அந்த இடம் வரும்போது அவர் எழும்புகிறாராம். எழும்பித் தண்ணீர் குடித்துவிட்டு, இது வீடுதான் என்று பார்த்துவிட்டு, திரும்பப் படுக்கிறாராம். இப்போது அது இல்லாமல் நித்திரை வருவதில்லையாம்.